பழைய மரமறுப்புப் பொறியும் அதன் கார்புரேட்டரும்

2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் விடியற்காலையில் ‘தானே’ என்னும் பெயர் கொண்ட புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. வில்லியனூரிலிருந்து பாகூர் வரையில் சாலையோரத்து வேம்பும் புளியும் தூங்குமூஞ்சி மரங்களும் வேரோடு பெயர்ந்து கிடந்தன. சவுக்குத் தோப்புகள் படுத்த பயிர்போல் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. அந்நாளில் யான் பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். பள்ளியின் முகப்பில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் சுற்றுச் சுவரை நொறுக்கிக்கொண்டு வாயிலை அடைத்து விழுந்திருந்தது. அதனை அறுத்து அகற்ற வந்த ஒரு தொழிலாளியின் கையிலிருந்த பழைய பொறியைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

அப்பொறியை ஆங்கிலப் பெயரால் ‘செயின் சா’ என்பர். நம் ஊரார் ‘மரம் அறுக்கிற மிஷின்’ என்று அழகாகச் சொல்லிவிடுகின்றனர். நீண்ட தகட்டைச் சுற்றி ஓடும் ஒரு சங்கிலி, அச்சங்கிலியில் பற்கள், அதனை ஓட்ட ஒரு சிறு பெட்ரோல் எஞ்சின். 1926இல் ஆந்திரியாஸ் ஸ்டீல் என்பவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் மின்சாரத்தால் ஓடும் பொறியைச் செய்தார். மறு ஆண்டு எமில் லெர்ப் என்பவர், பெட்ரோலால் ஓடும் தம் பொறியைத் தூரிங்கியா நாட்டின் டோல்மர் மலையில் ஓட்டிக் காட்டினார். அவை ஒருவர் தூக்கக்கூடியவை அல்ல. இருபுறமும் இருவர் பிடித்து நிற்க வேண்டும். 1959இல் வெளிவந்த ஒரு ஜெர்மானியப் பொறியின் எடையோ 12 கிலோதான். ஒரே ஆள் எந்தக் கோணத்திலும் திருப்பிப் பிடித்து அறுக்கலாம். எடை குறைந்தது உலோகத்தின் திறத்தால் என்பர். அது பாதி உண்மை. எந்தக் கோணத்திலும் திருப்பலாம் என்றாயிற்றே, அது எதனால்? அங்கேதான் கார்புரேட்டரின் கதை தொடங்குகிறது.

பெட்ரோல் தானாக எரியாது. காற்றோடு கலந்த ஆவியாகவே எரியும். ஒரு கிராம் பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கணக்கில் விருப்பமுடையோர் இதனைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதற்கு வேண்டிய காற்று ஏறக்குறைய 11 கிலோ. ஒரு லிட்டர் காற்றின் எடை 1.2 கிராம் என்று கொண்டால், 9,000 லிட்டர் காற்றுக்கு மேல் ஆகிறது. மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையில் இடுப்பளவு உயரத்துக்குக் காற்றை அளந்து, ஒரு லிட்டர் பெட்ரோலோடு கலக்க வேண்டும் என்று பொருள். அதையும் ஒரே முறையில் கலப்பதன்று. மரமறுப்புப் பொறியின் எஞ்சின் நிமிடத்துக்கு 12,000 சுற்றுச் சுழலக்கூடியது. அஃதாவது நொடிக்கு 200 முறை. இருவீச்சு எஞ்சின் ஆதலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்புக்கும் வேண்டிய பெட்ரோல் ஒரு சிறு துளியின் ஒரு பகுதியே. நொடிக்கு 200 தடவை அந்தச் சிறுதுளியை அளந்து கொடுக்கும் கணக்கப்பிள்ளையே கார்புரேட்டர்.

இவ்வளவு நுண்ணிய வேலையை அது எங்ஙனம் செய்கிறது? வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தம்ளர் நீரில் ஓர் உறிஞ்சுகுழாயைச் செங்குத்தாக நிறுத்தி, மற்றொரு குழாயால் அதன் மேல்வாய்க்குக் குறுக்கே பலமாக ஊதுங்கள். நீர் குழாயில் ஏறி வந்து பனித்தூறலாகத் தெறிக்கும். விரைந்து ஓடும் காற்றின் அழுத்தம் குறைவு. தம்ளரில் நீரின்மேல் உள்ள காற்றின் அழுத்தமோ குறையவில்லை. அந்த வேறுபாடே நீரை மேலே தள்ளுகிறது. வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள இவ்வுறவை டேனியல் பெர்னூலி 1738இல் எழுதினார். குழாயின் நடுவை ஒடுக்கினால் அங்கே ஓட்டம் விரைவதையும் அழுத்தம் தாழ்வதையும் இத்தாலிய நாட்டு வெஞ்சுரி 1797இல் ஆராய்ந்து வெளியிட்டார். அந்த ஒடுங்கிய இடுப்புக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. 1893 வாக்கில் ஜெர்மனியில் மேபாக்கும் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும் பெட்ரோலைத் தூறலாகத் தெளிக்கும் கார்புரேட்டரை ஆக்கினர்.

அவ்வகைக் கார்புரேட்டர்களில் ஒரு கிண்ணமும் மிதவையும் உண்டு. கழிவறைத் தொட்டியில் மிதக்கும் பந்து நீர் நிறைந்ததும் குழாயை அடைப்பது போல, இங்கும் மிதவை எழுந்து ஊசியால் பெட்ரோலின் வழியை அடைக்கும். உங்கள் தந்தையாரின் பழைய ஸ்கூட்டரிலும் மொபெட்டிலும் இதுவே இருந்தது. சாலையில் நிமிர்ந்து செல்லும் வண்டிக்கு அது மிக நன்று. ஆனால் நிற்கும் மரத்தை அடியில் அறுக்க வேண்டுமாயின் பொறியைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். கிளையைக் கீழிருந்து அறுக்கச் சில வேளை தலைகீழாகவும் பிடிக்க நேரும். கிண்ணம் சாய்ந்தால் மிதவை என்ன செய்யும்? பெட்ரோல் வழிந்தோடும், அல்லது வராமலே நின்றுவிடும். ஆகவே மிகப் பழைய பொறிகளில் எஞ்சினை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அறுக்கும் தகட்டை மட்டும் திருப்பிப் பூட்டும் ஏற்பாடு இருந்தது.

இத்தொல்லையைத் தீர்த்தது ‘டயாபிராம்’ எனப்படும் மெல்லிய ரப்பர்ச் சவ்வு. சவ்வுள்ள கார்புரேட்டரில் கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு உலோகக் கட்டியில் இரண்டு சவ்வுகள் உள்ளன. ஒன்று பம்பு வேலை செய்கிறது. இருவீச்சு எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அடிப்பெட்டியின் காற்று ஒரு முறை இழுக்கிறது, ஒரு முறை தள்ளுகிறது அல்லவா? அந்தத் துடிப்பு ஒரு சிறு துளை வழியே வந்து சவ்வை அசைக்கிறது. அச்சவ்விலேயே வெட்டிவிட்ட இரு சிறு நாக்குகள் மாறி மாறித் திறந்து மூடுகின்றன. கொல்லன் துருத்தியின் உள்ளே காற்றை வாங்கி வெளியே விடாமல் தடுக்கும் தோல் மூடியைப் பார்த்திருப்பீர்களாயின் இதன் தொழில் உடனே விளங்கிவிடும். மற்றொரு சவ்வு அளக்கும் வேலை செய்கிறது. அதன் ஒரு புறம் வெளிக்காற்று, மறுபுறம் பெட்ரோல். எஞ்சின் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச, வெளிக்காற்று சவ்வை உள்ளே அழுத்தும். சவ்வு ஒரு சிறு நெம்புகோலை அழுத்தும். நெம்புகோல் ஊசியைத் தூக்கி வேண்டிய அளவு பெட்ரோலை உள்ளே விடும். புவியீர்ப்புக்கு இதில் வேலையே இல்லை. பொறியை எப்படிக் கவிழ்த்தாலும் கணக்கு மாறாது. அமெரிக்க நாட்டில் டில்லட்சன், வால்ப்ரோ என்னும் நிறுவனங்கள் இவ்வகைக் கார்புரேட்டர்களால் பெயர் பெற்றன; நம் ஊர்ப் பட்டறைகளிலும் அப்பெயர்களைக் கேட்கலாம்.

இனி நம் தொழிலாளியின் பொறிக்கு வருவோம். அவர் அதனை நான்காம் கையாக வாங்கியவர். பழைய சவ்வு இறுகிக் கிழிந்துவிட, அதற்குரிய மாற்றுச் சவ்வு எங்கும் கிடைக்கவில்லையாம். யாரோ ஒருவர் மொபெட்டின் மிதவைக் கார்புரேட்டர் ஒன்றைப் பொருத்திக் கொடுத்திருந்தார். மொபெட்டில் பெட்ரோல் தொட்டி மேலே இருப்பதால் பெட்ரோல் தானே இறங்கும். இப்பொறியிலோ தொட்டி கீழே. ஆகவே ஒரு பிளாஸ்டிக் புட்டியில் பெட்ரோலை நிரப்பி, மருத்துவமனையில் நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது போல் கைப்பிடியின்மேல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்! அறிவுத்திறனை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அப்புட்டிக்கு ஒரு சாண் கீழே, தொட்டால் தோல் உரியும் சூட்டில் சைலன்சர் இருந்தது. பொறியைச் சாய்த்த போதெல்லாம் எஞ்சின் இருமி இருமி நின்றது. அரை நாளில் ஒரு கிளைகூட முடியவில்லை. மாணவர்களை வேடிக்கை பார்க்க விடாமல் யான் தொலைவில் நிறுத்தியதும், பொறியை நிறுத்தச் சொன்னதும் அந்தப் புட்டியைக் கண்ட பிறகுதான்.

வில்லியனூரில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவரிடம் இருவரும் பொறியை எடுத்துச் சென்றோம். “சார், சவ்வு போட்ட கார்புரேட்டர் ஒண்ணு இருக்குது, இந்த மிஷினுக்கு உள்ளது இல்ல. ஆனா பொருத்திப் பார்க்கலாம்” என்றார். ஒரு பொறியின் கார்புரேட்டரை மற்றொன்றுக்கு மாற்றுவது சட்டையை மாற்றுவது போலன்று என்பதை அன்றுதான் யான் அறிந்தேன்.

முதலில் அவர் இரு போல்ட்டுத் துளைகளின் இடைவெளியை அளந்தார்; அது பொருந்தவில்லை. அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி இடைத்தகடாக அமைத்தார். அடுத்து, வெஞ்சுரியின் விட்டத்தைப் பார்த்தார். “இன்னும் பெரிய வாய் உள்ளதாகப் போட்டால் பொறிக்கு வலிமை கூடுமே” என்று யான் கேட்டேன். அவர் சிரித்தார். வாய் பெரிதானால் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் அழுத்தம் போதிய அளவு தாழாது. பெட்ரோலை இழுக்கும் ஆற்றல் குன்றும். முழு வேகத்தில் சிறிது பயன் இருந்தாலும் இருக்கலாம். மெதுவாக ஓடும்போது எஞ்சின் தடுமாறி நின்றுவிடும். பெர்னூலியின் விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய எனக்கு இது தோன்றவில்லை.

எல்லாம் பொருத்திக் கயிற்றை இழுத்தபோது எஞ்சின் கிளம்பி, ஐந்தாறு நொடியில் அடங்கிற்று. மீண்டும் சோக்கைப் போட்டு இழுத்தால் மீண்டும் அவ்வாறே. இடைத்தகட்டைக் கழற்றிப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. யான் மேலே சொன்ன துடிப்புத் துளை இருக்கிறதே, அதற்கு நேராகத் தகட்டில் துளையிட்டிருந்தார். இடையில் வைத்த காஸ்கெட் காகிதத்தில் துளையிட மறந்துவிட்டார். துடிப்பு எட்டவில்லை, பம்பு ஓடவில்லை, உள்ளே இருந்த பெட்ரோல் தீர்ந்ததும் எஞ்சினும் தீர்ந்தது. காகிதத்தில் கடுகளவு துளை ஒன்று இல்லாமையால் ஒரு பொறி முழுவதும் பயனற்றுக் கிடக்கிறது.

துளை போட்டபின் பொறி கம்பீரமாக முழங்கியது. இனித்தான் என் பிழை வருகிறது.

கார்புரேட்டரின் பக்கத்தில் மூன்று திருகாணிகள் உண்டு. ‘எல்’ என்று குறித்தது மெதுவான ஓட்டத்துக்குரிய பெட்ரோலை அளப்பது. ‘எச்’ என்பது முழு வேகத்துக்குரியது. மூன்றாவது, ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையில் எஞ்சின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை நிறுத்துவது. மெக்கானிக் அவற்றைச் சரி செய்து கொடுத்திருந்தார். ஆனால் முழு வேகத்தில் வெறுமனே ஓடுகையில் எஞ்சின் தெளிவாக முழங்காமல் சற்றே கரகரத்தது. புகையும் சிறிது வந்தது. பள்ளிக்கு வந்ததும், ‘பெட்ரோல் மிகுதியாகப் போகிறது, 14.7 என்னும் விகிதத்துக்கு மேல் ஒரு சொட்டும் வீண்’ என்று கருதி, திருப்புளியை வாங்கி ‘எச்’ திருகாணியைக் கால் சுற்று உள்ளே முடுக்கினேன். கரகரப்பு மறைந்தது, எஞ்சின் வீணைத் தந்திபோல் ஒலித்தது. அந்தத் தொழிலாளியும், “வாத்தியார் ஐயா கை வைச்சதும் மிஷின் என்னமா ஓடுது!” என்று வியந்தார். அடிமரத்தைப் பாதி அறுப்பதற்குள் பொறி ஒரு கிறீச்சொலியோடு நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை.

பட்டறையில் சிலிண்டரைக் கழற்றினர். பிஸ்டனின் புகைவாயில் பக்கம் கீறல் கீறலாக உரசி, அலுமினியம் சிலிண்டர்ச் சுவரில் ஒட்டியிருந்தது. மெக்கானிக் அதை என் கையில் கொடுத்து, ஒன்றும் பேசாமல் நின்றார். பழைய மாணவன் அல்லவா! பிறகு யானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

14.7 என்பது எரிதலின் கணக்கு; எஞ்சினின் உயிருக்கு அதுமட்டும் போதாது. இருவீச்சு எஞ்சினுக்குத் தனியே எண்ணெய் இல்லை; பெட்ரோலில் கலந்த எண்ணெயே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் மசகு. பெட்ரோலைக் குறைத்தால் எண்ணெயும் உடன் குறைகிறது. தவிர, மிகுதியாகச் செல்லும் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்துகொண்டு உள்ளுறுப்புகளைக் குளிர்விக்கிறது. யான் ஒரே திருப்பில் எண்ணெயைக் குறைத்தேன், குளிர்ச்சியைக் குறைத்தேன், வேகத்தையும் கூட்டினேன். யான் பிழை என்று எண்ணிய அந்தக் கரகரப்புத்தான் எஞ்சினின் காப்பு. சுமையின்றி முழு வேகத்தில் ஓடும்போது கலவை சற்றுச் செறிவாக இருப்பதால் சில சுற்றுகளில் வெடிப்பு நிகழாமல் போகிறது. அதனால் எழும் ஒலி அது. தகடு மரத்தில் இறங்கிச் சுமை ஏறியதும் ஒலி தெளிந்துவிடும். மரத்துக்கு வெளியே கரகரப்பு, மரத்துக்குள் தெளிவு. இதுவே சரியான அமைப்பின் அடையாளம். இரண்டிடத்தும் தெளிவாகக் கூவினால் பொறி கேட்டை நோக்கிப் போகிறது.

அந்தப் பத்து நாள்கள் புதுவைப் பகுதி முழுவதும் மரம் அறுக்க ஆள் கிடைக்காமல் தவித்த நாள்கள். ஓராண்டுக் கூலியை ஒரு திங்களில் ஈட்டக்கூடிய வேளையில் அவர் பொறியின்றி வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் யான் பணம் கொடுத்தேன். போன நாள்களை என்னால் கொடுக்க இயலவில்லை. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இரண்டாம் முறை மெக்கானிக் பின்பற்றிய ஒழுங்கைச் சொல்கிறேன். உங்களுள் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில்வோர்க்கு உதவும். திருகாணியைத் தொடுமுன் காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்தார். மரத்தூள் அடைத்திருந்தால் காற்றுக் குறைந்து கலவை தானே செறிவாகும். அந்நிலையில் அமைத்த அமைப்பு, வடிகட்டியைக் கழுவிய மறுகணமே பொய்யாகிவிடும். பின்னர் எஞ்சின் ஓடுகையில், இடைத்தகட்டின் ஓரங்களில் பஞ்சால் சில சொட்டு எண்ணெய் கலந்த சோப்பு நீரைத் தடவிப் பார்த்தார். எங்கேனும் இடுக்கு இருந்து காற்று உள்ளே இழுக்கப்படுமானால் நீர் மறையும், ஓட்டமும் மாறும். கார்புரேட்டரை மாற்றிய பழைய பொறிகள் பெரும்பாலும் கெடுவது இந்தக் கள்ளக் காற்றினால்தான். அதைத் திருகாணியால் ஈடுகட்ட முயல்வது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும். திருகாணிகளை மெல்ல உள்ளே முட்டும்வரை திருகி, ஒவ்வொரு சுற்று வெளியே எடுத்தார். ஊசிமுனை கெடுமாதலால் அழுத்தி முடுக்கலாகாது. எஞ்சின் நன்கு சூடேறியபின் ‘எல்’, அடுத்து நிற்கும் வேகம், கடைசியில்தான் ‘எச்’.

நிற்கும் வேகத்தைப் பற்றி ஒரு சொல். ஆக்ஸிலேட்டரை விட்டதும் சங்கிலி அசையாது நிற்க வேண்டும். வேகம் மிகுந்தால் கிளட்ச் பற்றிக்கொண்டு சங்கிலி ஓடிக்கொண்டே இருக்கும். 1970களில் வந்த பொறிகளில் தடை ஒன்று சேர்த்தனர். பொறி துள்ளி முகத்தை நோக்கி எழுந்தால் அது சங்கிலியை நிறுத்திவிடும். அதற்கு முந்திய பொறிகளில் அக்காவலும் இல்லை. ஓடும் சங்கிலியோடு நடந்து சென்று தொடையில் வெட்டுண்டவர்களை யான் பார்த்திருக்கிறேன். இப்பொறியை இயக்கும் தொழிலாளி கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்குக் கனத்த காப்பும் அணிய வேண்டும். நம் பகுதியில் பெரும்பாலோர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நிற்கின்றனர்.

அண்மைக் காலத்தில் இப்பழைய பொறிகளுக்குப் புதியதொரு சோதனை வந்திருக்கிறது. நம் நாட்டில் பெட்ரோலோடு கலக்கும் எத்தனால் என்னும் சாராயம் 2022இல் 10 விழுக்காட்டையும் 2025இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனாலின் மூலக்கூற்றிலேயே பிராணவாயு இருப்பதால் அது எரிய ஒரு பங்குக்கு 9 பங்கு காற்றே போதும். ஆகவே 20 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு வேண்டிய காற்று 14.7 பங்கன்று, ஏறத்தாழ 13½ பங்குதான். பழைய கார்புரேட்டருக்கு இது தெரியுமா? அது முன்போலவே அளந்து விடுகிறது. விளைவு, கலவை நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு மெலிந்துவிடுகிறது. அன்று யான் திருப்புளியால் செய்த குற்றத்தை இன்று பெட்ரோலே ஓரளவு செய்துவிடுகிறது. காரில் உள்ள மின்னணுக் கருவி புகையை முகர்ந்து பார்த்து அளவைத் திருத்திக்கொள்ளும். கைப்பொறியில் அவ்வசதி இல்லாமையால் மனிதனே ‘எச்’ திருகாணியைச் சிறிது வெளியே எடுக்க வேண்டும். அன்றியும் எத்தனால் பழைய ரப்பர்ச் சவ்வை ஊதவும் பின் இறுகவும் செய்யும்; ஈரத்தை ஈர்க்கும். கடற்காற்று வீசும் நம் பகுதியில் தொட்டியில் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலின் அடியில் நீர் பிரிந்து நிற்பதுண்டு. எண்ணெயோ பெட்ரோலோடு மேலே தங்கிவிடும்; அடியிலிருந்து உறிஞ்சும் குழாய்க்கு அகப்படுவது மசகில்லாத நீரும் சாராயமுமே.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ‘ஃபெங்கல்’ புயல் புதுவையருகே கரையேறியது. பாகூர்ப் பகுதியில் தென்பெண்ணை வெள்ளமும் புகுந்தது. நீர் வடிந்தபின் அதே தொழிலாளி, நரைத்த தலையோடு, அதே பொறியைத் தோளில் சுமந்து எங்கள் தெருவுக்கு வந்தார். பாகூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்திலேயே ஒரு கல்லூரிக்கு மூன்று ஊர்களை மானியமாக விட்டனர் என்று செப்பேடு கூறுகிறது. அத்தகைய கல்வியூரின் பக்கத்தில் தலைமையாசிரியனாக இருந்த யான், அன்று அவர் எதிரே மாணவனாக நின்று கேட்டேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தொட்டியில் மிஞ்சிய பெட்ரோலை வடித்துவிடுவதாகவும், பிறகு எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டிக் கார்புரேட்டரையும் வறள விடுவதாகவும், ஆண்டுக்கொரு முறை சவ்வை மாற்றுவதாகவும் சொன்னார். லிட்டருக்கு 40 மில்லி ‘டூ டி’ எண்ணெய் என்ற கணக்கை மருந்துக் குப்பியின் மூடியால் அளந்து வைத்திருந்தார். ‘எச்’ திருகாணியின் தலையில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இட்டிருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

“யாராவது திருப்பினா தெரியணுமில்லீங்களா, ஐயா” என்றார்.